பெனடிக்ட் மாமா

பெனடிக்ட் என்றால் எனக்கு
மீன்பிடித் துறைமுகத்து வாசலில்
ஐஸ் உடைத்து விற்கும் மாமாதான்.
எங்களுக்கு இன்னும் இரண்டாயிரம் தர வேண்டும்.
"அவரில்லை, இது முட்டை" என்கிறான் ரொமால்ட்,
வினிகர் மூடியைத் திறந்து மோந்தபடி.

இரவு ட்யூட்டி முடிந்து
ஃபர்வானியா ஆஸ்பத்திரி வேன்
இறக்கிவிட்டுப் போன ஆள் நான்.
ஷூவைக்கூடக் கழற்றவில்லை.
ஜன்னலில் தூசிக்காற்று.
எதிர்க் கட்டடம் இருக்கிறதா,
எடுத்துக்கொண்டு போய்விட்டார்களா, தெரியவில்லை.
அடுப்படியில் மட்டும் வெளிச்சம், வெண்ணெய் வாசம்.

வேலை போய் நாற்பத்தோராவது நாள் அவனுக்கு.
முதல் வாரம் ஊரெல்லாம் பயோடேட்டா அனுப்பினான்.
அடுத்த வாரம் ஒழுகாத குழாயைக் கழற்றி
ஒழுகும்படி மாட்டினான்.
அப்புறம் முட்டைக்கு வந்தான்.
ஜமியாவில் முப்பது முட்டை அட்டை வாங்கி
ஃப்ரிட்ஜில், கதவுக்கு வெளியே
இகாமா முடியும் தேதி ஒட்டியிருக்கும் காகிதத்துக்கு
நேர் பின்னால் வைத்தான்.

"தண்ணீர் கொதிக்கக் கூடாது.
சும்மாவும் கிடக்கக் கூடாது."
சட்டிக்குள் எட்டிப் பார்க்கிறேன்.
குளிர்காய்ச்சல் தொடங்குகிற பிள்ளையின் உதடு மாதிரி
ஓரத்தில் மட்டும் நடுக்கம்.
கரண்டியால் ஒரு சுழி.
சுழியின் நடுவில், கிண்ணத்திலிருந்து, மெதுவாக.
வெள்ளை தனக்குத்தானே கட்டுப் போட்டுக்கொள்கிறது.
ஏழு வருடமாகக் காஸ் சுற்றுகிற கை எனக்கு;
இவ்வளவு சுத்தமாக ஒருநாளும் வந்ததில்லை.
சொன்னால் தலைக்கேறும். சொல்லவில்லை.

முதல் நாட்களில் எல்லாம் நூல்நூலாகப் பிரிந்தன.
தோற்ற முட்டைகளை அவனே
நின்றபடி, உப்பில்லாமல் தின்றான்.

சாஸ்தான் பெரும்பாடு.
மஞ்சள் கரு, எலுமிச்சை, ஆவி மேல் கிண்ணம்,
உருக்கிய வெண்ணெய் சொட்டுச் சொட்டாக,
சலைன் இறங்குகிற வேகத்தில்.
அவசரப்பட்டான். திரிந்துவிட்டது.
திட்டுத் திட்டாக அது நிற்க,
கிண்ணத்தை வீசப்போகிறான் என்று நினைத்தேன்.
(போன மாதம் ரிமோட்டை வீசினான்.)
ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டான்.
முதுகைக் காட்டிக்கொண்டு அடித்தான், அடித்தான்.
கூடி வந்தது.
எனக்கு அப்போது ஏதோ சொல்லத் தோன்றியது.
கொட்டாவிதான் வந்தது.

பன்றி இங்கே கிடையாது.
போன வெள்ளி வான்கோழித் துண்டு வைத்தான்,
பள்ளிக்கூட ரப்பர்.
அதற்கு முந்தைய வெள்ளி, புகைபோட்ட சால்மன்;
பில்லை அரிசி டப்பாவில் ஒளித்தான்.
இன்றைக்கு வட்டப் பன்னும் இல்லை.
ஈரானிக்காரர் தந்தூரிலிருந்து இழுத்த ரொட்டி,
டம்ளரால் வட்டம் வெட்டியது.
அதன் மேல் இறால் தொக்கு.
தொக்கின் மேல் முட்டை.
எல்லாவற்றையும் மூடி
பச்சைமிளகாய் நறுக்கிப்போட்ட மஞ்சள் சாஸ்.
"இதற்கு என்ன பெயர்?"
"பெனடிக்ட் மாமா."

கத்தியை வைக்கப் போகிறேன்.
அவன் போன் அடிக்கிறது. தெரியாத நம்பர், உள்ளூர்.
வெள்ளிக்கிழமை காலையில் யார் வேலை தரப்போகிறார்கள்?
இருவருக்கும் தெரியும்.
இருவரும் போனையே பார்க்கிறோம்.
விரலெல்லாம் வெண்ணெய்; பேண்ட்டில் துடைக்கிறான்,
பச்சைப் பொத்தான் வழுக்குகிறது,
மூன்றாம் முறை பிடிக்கிறது.
"ஹலோ... யெஸ் சார்."
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
"லா... லா பாபா, கலத்."
யாரோ ஏசி ரிப்பேர்க்காரனைத் தேடுகிறார்கள்.

அதற்குள் தன் சூட்டிலேயே இறுகி,
வெட்டியும் மஞ்சள் ஓடவில்லை.
பரவாயில்லை என்று வாயருகே கொண்டுபோகிறேன்.
தட்டை இழுத்துக்கொள்கிறான்.
"இது எனக்கு. நீ இரு."
சட்டியில் தண்ணீர் மறுபடி நடுங்கத் தொடங்குகிறது.
அட்டையில் இன்னும் பதினொன்று இருக்கிறது.
ஷூவைக் கழற்றுகிறேன்.